நிறமில்லாத சாயம்

அந்த வீட்டுக்குச் சண்டை போட வந்தவர்கள்கூடத் தண்ணீர் குடித்த பிறகுதான் சண்டை போட்டார்கள். அது அந்த அம்மா வைத்திருந்த சட்டம். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், தெரு மாறி வந்து முழித்துக்கொண்டு நிற்பவர், யாராக இருந்தாலும் சரி. வாயைத் திறப்பதற்குள் கையில் ஒரு செம்பு வந்துவிடும். "மொதல்ல தண்ணி குடி. அப்புறம் பேசு" என்பார். குடிப்பவரின் தொண்டை ஏறி இறங்குவதைக் குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாயைப் போலப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஒரு முறை சேலை வியாபாரி ஒருவர் பைக்கை ஸ்டாண்டு போடும்போதே கத்தத் தொடங்கினார். "அரக்கு கேட்டா செங்கல் கலர்ல போட்டுக் குடுத்துகினு கீறீங்களே, இன்னா நெனச்சுகினு இருக்கறீங்க?" அம்மா செம்பை நீட்டினார். அவர் ஒரு செம்பு குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார், தூணோரமாக உட்கார்ந்தார், அப்படியே தூங்கிப்போனார். சித்திரை வெயில் அப்படி. எழுந்தபோது கோபத்தில் பாதியைக் காணோம். மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், "சரி, அடுத்த வாட்டி பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினேன்.

அந்த வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் சேத்துப்பட்டு. கணவருக்கு ஆரணியில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. கீழே வீட்டுக்காரர்கள், பின்கட்டில் அவர்களுடைய சாயப்பட்டறை. நெசவாளிகள் கொண்டுவந்து கொடுக்கும் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்பார்கள், பிறகு கொதிக்கும் சாயத்தில் முக்கித் திருப்பித் திருப்பி நிறம் ஏற்றுவார்கள். வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். அவர் பங்குக்கும் சேர்த்து அம்மா பேசினார். வயதுக்கு நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். "அக்கான்னே கூப்புடு, எனக்கு ஒண்ணும் வயசாயிடல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் இருந்த காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு கனவுக்குள் போய் வந்தது போலத்தான் இருக்கிறது. காலையில் எட்டிப் பார்த்தால் சாக்கடையில் ஊதா ஓடும். மத்தியானம் அதே சாக்கடையில் கிளிப்பச்சை. மூங்கில் கழிகளில் காயப்போட்ட நூல் சிட்டங்கள் காற்றில் மெல்ல ஆடும்போது எதிர்ச் சுவர் மஞ்சளாகும், சிவக்கும், மறுபடி வெள்ளையாகும். பட்டறையிலிருந்து ஆவி மாடி வரைக்கும் வந்து நின்று கலையும். அப்போது நான் நிறைமாதக் கர்ப்பிணி. பாதி நாள் தூக்கத்திலும் மீதி நாள் தூக்கக் கலக்கத்திலும் இருந்ததால், பார்த்தது எது, கனவு கண்டது எது என்று எனக்கே சில சமயம் குழப்பமாக இருக்கும்.

அக்கா கொடுக்கும் தண்ணீருக்கு ஒரு பக்குவம் இருந்தது. கிணற்றுக்குள் இறக்கிய போர்வெல் குழாயில் வரும் தண்ணீரைப் பழைய பட்டுத்துணியில் வடிகட்டி, பெரிய பித்தளைக் குண்டானில் ஊற்றி, சாய அடுப்பின் ஓரத்தில் ஏற்றிவிடுவார். சாயத்துக்காக அடுப்பு எப்படியும் பகலெல்லாம் எரியும். அதன் ஓரத்துச் சூட்டில் குண்டானும் பகலெல்லாம் கொதிக்கும். மற்ற வீடுகளில் இரண்டு கொதி வந்தால் இறக்கிவிடுவார்கள். அக்காவுக்கு அது போதாது. "கஷாயம் மாதிரி பாதியா சுண்டணும்மா. அப்பத்தான் இருக்கற கெட்டதெல்லாம் சாவும்" என்பார். சாயங்காலம் இறக்கி, மண்பானையில் ஊற்றி, மறுநாள் ஊருக்கெல்லாம் கொடுப்பார். கொஞ்சம் கெட்டியாக, நாக்கில் நின்று போகும் ருசி. ஆரணியிலேயே இந்தத் தண்ணிதான் தண்ணி என்று குடித்தவர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மகன் பிறந்தான். பால் சுரக்கவில்லை. மாமியார் சுறா மீன் புட்டு கொடுத்துப் பார்த்தார், பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தார், கடைசியில் என்னையே ஒரு குறை சொல்லிவிட்டுத் தன் ஊரான பெரணமல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டார். குழந்தைக்குப் பால் பவுடர்தான். பவுடர் கரைக்கத் தண்ணீர் கீழிருந்து வந்தது. அக்கா மற்றவர்களுக்குக் கொடுக்கும் தண்ணீரை இவனுக்காக இன்னொரு முறை காய்ச்சினார். "பச்சப் புள்ள குடிக்கறது. நல்லா சுண்டட்டும்" என்று தானே மாடிக்கு ஏறிவந்து ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டுப் போவார். முட்டி வலியோடு அவர் படியேறுகிற சத்தம் கேட்டாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். சொந்த அக்கா இருந்தால்கூட அப்படிச் செய்திருப்பாளா தெரியாது.

அவனுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது ஒரு நாள், காயப்போட்ட சிட்டங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு முழுக்க மயில்கழுத்து நீலம். கொடி கொடியாக நீலம் தொங்கியது. குழந்தையின் உதடு நீலமாகத் தெரிந்தது, விரல் நுனிகளும் அப்படியே. நூலின் நிழல் விழுகிறது என்றுதான் நினைத்தேன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். என் கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. அவனும் வழக்கத்தைவிட அமைதியாகத்தான் கிடந்தான்.

அக்கா சிட்டம் திருப்பிப்போட வந்தார். குனிந்து பார்த்தார். குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருவாசலுக்கு ஓடினார். நூல் இல்லாத இடத்தில், வெறும் வெயிலில், நிறம் பார்க்கிற நூலைப் பிடிப்பது போல அவனை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தார். அங்கேயும் உதடு நீலமாகத்தான் இருந்தது.

"ஆட்டோ!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. "ஜல்தி வாடா! ஜல்தி!"

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி, "குழந்தைக்கு என்ன பால்? எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள்?" ரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக இருக்க வேண்டிய ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. பிறகு ஊசியில் ஒரு மருந்து ஏற்றினார்கள். அது கரு நீலம். நீலம் பூத்த குழந்தைக்குள் நீலத்தையே ஏற்றுகிறார்களே என்று நான் பதறினேன். "பயப்படாதீங்கம்மா, இது ஒரு சாயம்தான். இந்த வியாதிக்கு இதுதான் மருந்து" என்றார் நர்ஸ். பக்கத்தில் நின்ற அக்கா, "சாயமா?" என்று கேட்டுவிட்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டில் ரோஜா நிறம் ஏறியது. இறங்கியிருந்த என் உயிரும் ஏறியது. மருந்து சிறுநீரில் இறங்கி, அன்றைக்கு அவன் நனைத்த துணியெல்லாம் பச்சையும் நீலமுமாக இருந்தது. "வந்த ஊருக்கு ஏத்த புள்ள. இப்பவே சாயம் போடறான் பாரு" என்று சொல்லி அக்கா என்னைச் சிரிக்கவைத்தார். நாங்கள் சேர்ந்து நன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

டாக்டர் என்னிடம் விளக்கமாகச் சொன்னபோது அக்கா துணி அலசப் போயிருந்தார். தண்ணீரில் நைட்ரேட் என்று ஓர் உப்பு அதிகமாக இருந்தால் கைக்குழந்தைகளின் ரத்தத்தைக் கெடுத்துவிடுமாம். வயலில் போடும் உரத்திலிருந்து வரலாம், கக்கூஸ் குழியிலிருந்து வரலாம். பெரியவர்களுக்கு இப்படி வருவது அபூர்வமாம். "கிருமி என்றால் கொதிக்கவைத்தால் சாகும். இது உப்பு. கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு அப்படியே தங்கும். சுண்டச் சுண்ட அதிகமாகும்" என்றார். போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அவர் சொன்னதுதான் சரி.

ஊருக்குத் திரும்பி இதை எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது, அவர் கொடுக்கும் தண்ணீரைத் தெருவே குடிக்கிறது. பட்டறையில் அக்கா பச்சைச் சாயத்தில் நூலைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் மெல்ல மெல்லச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை திருப்புவதை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினார்.

"சாயத்தண்ணி சுண்டுனா நெறம் கெட்டியாவும். முப்பது வருசமா பாத்துகினு இருக்கறேன்" என்றார். அடுப்போரத்துக் குண்டானைப் பார்த்தார். "இது மட்டும் சுண்டுனா சுத்தமாவுதுன்னு நெனச்சேன் பாரும்மா."

"தெரியாதுல்லக்கா. கண்ணுக்குத் தெரியற மாதிரியா இருக்குது?"

"ஆமா" என்றார். "நெறமில்லாத சாயம்."

குண்டானைத் துணி பிடித்து இறக்கினார். பச்சை ஓடிக்கொண்டிருந்த சாக்கடையில் கவிழ்த்தார். பச்சைக்கு நடுவே அது கண்ணாடி போலத் தெளிவாகக் கொஞ்ச தூரம் ஓடிப் பிறகு கலந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து அக்கா யாருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் கையை நீட்டுவார்கள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ரீடிங் எடுப்பவர் என்னிடம், "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாங்க?" என்று ரகசியமாகக் கேட்டார். தண்ணீர் கொடுக்காத அக்கா, தாலி அறுத்த பொம்பளை போல ஆகிவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, ஆனால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. நடக்கிறார், வேலை செய்கிறார், கையில்தான் ஏதோ குறைந்துபோயிருந்தது. என் மகனைத் தூக்குவதைக்கூட விட்டுவிட்டார். அவன் இவரைப் பார்த்துக் கையை ஆட்டினால், தூரத்திலேயே நின்று சிரிப்பார்.

பேசாத வீட்டுக்காரர் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். வீடுகளில் மாட்டுவதைவிடப் பெரியது. அந்தத் தண்ணீரில் சாயம் போட்டால் மஞ்சள் நிறம் நன்றாகத் தெளிந்து வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். "பட்டுக்கும் ஆவும், நமக்கும் ஆவும்" என்றார். "மனுசனுக்கு மிஞ்சுனாதான் பட்டுக்கு" என்றார் அக்கா. பல நாளுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். வீட்டுக்காரர் அதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

மெஷின் மாட்ட வந்த மெக்கானிக்கை அக்கா பேஜார் பண்ணிவிட்டார்.

"இதுல வண்டல் நிக்கும்மா. இந்தக் கரியில வாடை, கொஞ்ச நஞ்ச சாயம், மருந்து நாத்தம் எல்லாம் நிக்கும். அப்புறம் பம்பு தண்ணிய அழுத்தி இந்த மெம்பரேன் மேல தள்ளும். தண்ணி உள்ள போவும், உப்பு வெளியவே நின்னுடும்."

"உப்புதான் தண்ணியில கரைஞ்சு போச்சே. கரைஞ்சத எப்படிப்பா வடிகட்டுவ? என் பட்டுத்துணியில சாயத்த வடிகட்டிட முடியுமா?"

"துணியில இருக்கறது ஓட்டைம்மா. இதுல இருக்கற ஓட்டை எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. தண்ணி மட்டுந்தான் நுழையும். அதுவும் சும்மா நுழையாது, தள்ளணும். அதுக்குத்தான் பம்பு."

அவர் நம்பவில்லை என்று தெரிந்ததும், மெக்கானிக் பையிலிருந்து எங்கேயோ கழற்றிய பழைய மெம்பரேன் ஒன்றை எடுத்து, மேல் உறையைக் கத்தியால் கீறிக் கொடுத்தார். நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றி வெள்ளைத் தாள் தாளாகச் சுருட்டியிருந்தது. இடையிடையே வலை. தறியில் நெய்த சேலையைக் கட்டையில் சுற்றிவைப்பார்களே, அப்படி. அக்கா அதைத் தரையில் பிரித்துக்கொண்டே போனார். விரல் நுனியால் தடவினார், ஓரத்தைத் திருப்பினார், சேலை பார்க்கிற மாதிரியே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் பழுப்பாக உப்பு படிந்திருந்தது.

"யாரு நெய்ஞ்சது?"

"மிஷின்தாம்மா."

"கெட்டிக்கார மிஷின்" என்றார். அதை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு மெஷினிலிருந்து வெளியே போகும் இன்னொரு குழாயைக் காட்டினார். "இது இன்னாது?"

"வேஸ்ட்டும்மா. நின்ன உப்பெல்லாம் கொஞ்சம் தண்ணியோட இதுல போயிடும்."

"எங்க போவும்?"

"சாக்கடைக்கு."

"சாக்கடை எங்க போவும்?"

"ஆத்துக்கு."

"ஆத்து மணல்ல எறங்குனா மறுபடி எங்க வரும்?"

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துப் பைக்குள் வைத்தார். "அதுக்கு இன்னும் மிஷின் வரலம்மா" என்றார். அக்கா அந்தக் குழாயை ஒரு தொட்டிக்குத் திருப்பச் சொன்னார். பட்டறைத் தரை கழுவவும் பாத்திரம் ஊறவைக்கவும் அந்தத் தண்ணீர் என்றார். கொஞ்சமாவது திரும்பிப் போகாமல் இருக்குமே என்பது அவர் கணக்கு.

நல்ல தண்ணீரையும் பரிசோதித்தோம். குழந்தைக்கே தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள். இனி அக்கா பழையபடி ஆகிவிடுவார் என்று நான் நினைத்தேன். ஆகவில்லை. வாசலில் ஒரு எவர்சில்வர் டிரம்மில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தார். "அங்க இருக்குது, புடிச்சுக்கங்க" என்று தூரத்திலிருந்து கையைக் காட்டுவார். வந்தவர்கள் தாங்களே பிடித்துக் குடித்தார்கள். யார் கேட்டாலும் தன் கையால் மட்டும் எடுத்துக் கொடுக்கமாட்டார்.

ஒரு மத்தியான நேரம். எதிர்ச் சுவரில் இளஞ்சிவப்பு ஆடிக்கொண்டிருந்தது. மகன் தூங்கிக்கொண்டிருந்தான். படியில் எனக்குக் கீழே உட்கார்ந்திருந்த அக்கா திரும்பாமலே கேட்டார்.

"ஏம்மா, உன் புள்ளைக்கு ஒடம்பு ஆவல்லன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நீ கேக்கவே இல்லையே?"

"நெறம் பாக்கறவங்க நீங்க. தெரிஞ்சிருக்கும்."

"எம் பொண்ணுக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அவருக்குப் பிள்ளை இல்லை என்றுதான் தெருவில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பிறந்து இறந்த கதையை யாரும் சொல்லவில்லை.

"எனக்கும் உன்ன மாதிரித்தான், பால் இல்ல. பசும்பால்ல தண்ணி கலந்து குடுப்பேன். இதே கெணறு, இதே அடுப்பு. ஒரு நாள் உதடு கறுத்துப் போச்சு. காத்து கருப்புன்னாங்க. படவேட்டுக்குத் தூக்கினு போயி அம்மன் சன்னதியில போட்டோம். வரும்போதே போயிடுச்சு." படியில் ஒட்டியிருந்த சாயக் கறையை நகத்தால் சுரண்டினார். "இத்தினி வருசம் அது விதின்னு இருந்துட்டேன். இப்ப அப்படி இருக்க முடியல. நீ அடுத்த வாட்டி டாக்டராண்ட போறப்ப கேட்டுகினு வரியா? தண்ணியாலதானா, இல்லையான்னு."

கேட்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஊருக்கெல்லாம் நீட்டிய அந்தக் கை இனிமேல் ஒருவருக்கும் நீளாமலே போய்விடுமோ என்ற பயம் எனக்கு வந்தது.

அடுத்த மாதம் மகனைக் காட்டப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். யோசித்துத்தான் சொன்னார். "அந்தக் காலத்தில் அந்தக் கிணற்றில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தண்ணீராக இருக்கலாம். பிறவியிலேயே இதயக் கோளாறாகவும் இருக்கலாம், அதற்கும் உதடு நீலமாகும். இப்போது யாராலும் சொல்ல முடியாதும்மா."

பஸ்ஸில் ஜன்னலோரம். மடியில் மகன். கண்ணமங்கலம் தாண்டும்வரை அந்த 'இருக்கலாம்' இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வந்தேன். மலை பின்னால் போனது, வயல் வந்தது, ஆரணிக் கோட்டைப் பக்கம் வந்தபோது அக்காவிடம் என்ன சொல்வதென்று எனக்கு முடிவாகிவிட்டது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னாம்மா சொன்னார்?" என்று கேட்டார்.

"தண்ணி இல்லையாம்க்கா. இருதயத்துல ஓட்டையாம். பொறக்கும்போதே இருந்திருக்குமாம். அமிர்தத்தையே குடுத்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்னு சொல்லிட்டார்."

"புள்ளையப் பாக்காமலே சொல்லிட்டாரா?"

"பெரிய டாக்டர்க்கா. கேட்டாலே தெரியுமாம் அவருக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வராது. காது சூடாகிவிடும், குரல் கட்டிவிடும், இரண்டும் அப்போது நடந்தன. அந்தக் கண்களுக்கு அது தெரியாமல் போயிருக்காது. மயிரிழை அளவு ஒரு நூலின் நிறம் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர் அவர். நான் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே போனார். மெஷின் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

டிரம்மைத் தாண்டி வந்து, தன் கையாலேயே செம்பை என்னிடம் நீட்டினார். "இந்தா, புடி. வெயில்ல வந்துகினு இருக்கற."

வேலூரில் வாங்கிய பாட்டில் தண்ணீர் முழுவதையும் பஸ்ஸிலேயே குடித்து எனக்கு வயிறு முட்ட இருந்தது. ஆனாலும் செம்பை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.